தலைவாஸ் இந்த வருஷமாவது எட்டுக்குள் வருமா? ஒரு கணக்கு வாத்தியாரின் கணிப்பு



வருகிற வெள்ளிக்கிழமை, 2025 ஆகஸ்ட் 29, புரோ கபடி 12-வது சீசன் விசாகப்பட்டினத்தில் தொடங்குகிறது. முதல் ஆட்டமே நம்ம தமிழ் தலைவாஸுக்கும் தெலுங்கு டைட்டன்ஸுக்கும்தான். ஒரு வாரமாக ஃபோன் ஓயவில்லை. திருப்பூரில் இருக்கிறவன், துபாயில் இருக்கிறவன், இங்கே தாயில்பட்டியிலேயே பயர் ஆபீஸில் ஃபோர்மேனாக இருக்கிறவன், மதுரை மருமகன், எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சார், இந்தத் தடவை கப்பு நமக்குத்தானே?" ஆளுக்கு ஒரு பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவாஸ் முதல் எட்டுக்குள் வர நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. கப்பு வாங்க நூற்றுக்குப் பத்துகூட இல்லை. விடை மட்டும் எழுதினால் நான் மார்க் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வழிமுறையும் கீழே இருக்கிறது. கடைசிப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தப் பதிவை எழுதியதே பாதி அதற்காகத்தான்.

1. முதலில் விதியைப் பார்ப்போம்

இந்த வருஷம் விதிகளை நிறைய மாற்றியிருக்கிறார்கள். போன சீசன் வரை ஒரு அணிக்கு 22 லீக் ஆட்டம். இப்போது 18. ஜெயித்தால் முன்பு 5 புள்ளி, இப்போது 2. முன்பு ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றால் ஆறுதலாக ஒரு புள்ளி கிடைத்தது. இப்போது தோற்றால் பூஜ்யம். ஆட்டம் சமமானால் ஆளுக்கு மூன்று புள்ளி என்ற பேச்சும் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஐந்தைந்து ரெய்டு, அதிலும் சமமென்றால் கோல்டன் ரெய்டு. முன்பு ஆறு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போயின, இப்போது எட்டு.

இனி கணக்கு. 12 அணி, ஆளுக்கு 18 ஆட்டம். 12 x 18 = 216, ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணி என்பதால் 108 ஆட்டம். டிரா கிடையாது, ஆகவே 108 வெற்றி. அதை 12 அணிக்குப் பங்கு வைத்தால் சராசரி 9. எட்டாவது இடம் என்பது நடுவுக்குக் கீழே. ஆக, 8 வெற்றி, 16 புள்ளி எடுத்தால் எட்டுக்குள் ஒட்டிக்கொள்ளலாம். 9 எடுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நான்குக்குள் வர 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். சீசன் நடக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க இந்த 8, 9, 10 மூன்று எண்ணும் போதும்.

இன்னொன்று. அணியைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும், எந்த அணியும் எட்டுக்குள் வர 12-க்கு 8, அதாவது நூற்றுக்கு 67 வாய்ப்பு. கப்பு வாங்க 12-க்கு 1, நூற்றுக்கு எட்டு. "எங்க டீம் குவாலிஃபை ஆகும்" என்று டிவியில் ஒருவர் அடித்துச் சொன்னால் அசந்துபோகாதீர்கள். அது முக்கால்வாசி சும்மாவே நடக்கக்கூடியது.

2. விலையைப் பார்த்துக் கணிக்காதீர்கள்

மே 31, ஜூன் 1 தேதிகளில் மும்பையில் ஏலம் நடந்தபோது நம்ம பையன்கள் குரூப்பில் கோடிக் கணக்கைத்தான் பேசினார்கள். விலைக்கும் இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பழைய ஏட்டைப் புரட்டிப் பாருங்கள்.

2019-ல் தலைவாஸ் அணியில் அஜய் தாகூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர் என்று மூன்று பெரிய தலைகள் ஒன்றாக இருந்தார்கள். பேப்பரில் பார்த்தால் இந்தியா அணி மாதிரி. வந்த இடம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

2022-ல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்குத் தலைவாஸ் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே எதிராளியைப் பிடிக்கப் போய் முழங்கால் போனது, சீசனே முடிந்தது. எல்லோரும் கையை விரித்தார்கள். அந்த வருஷம்தான் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது! நரேந்தர் கண்டோலா என்ற புதுப் பையன் 240-க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தான். உ.பி. அணியை டை பிரேக்கரில் 6-4 என்று தாண்டி, புனேயிடம் 39-37 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள்.

2023-ல் அதே பவனை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு தெலுங்கு டைட்டன்ஸ் எடுத்தது. கடைசி இடம். 2024-ல் ஏலத்தின் மிக விலை கூடிய ஆள் சச்சின் தன்வர், 2 கோடியே 15 லட்சம், எடுத்தது தலைவாஸ். ஒன்பதாவது இடம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஈரான்காரர் முகமதுரேசா ஷாட்லூயியை 2023-ல் புனே 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது, சாம்பியன். 2024-ல் ஹரியானா 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது, சாம்பியன். அப்படியானால் விலை வேலை செய்கிறதா? அவர் முதலில் ஒரு தடுப்பாட்டக்காரர் என்பதைக் கவனியுங்கள். அவர் போன இரண்டு அணியிலும் ஏற்கெனவே பழகிய இளம் பையன்கள் சேர்ந்து நின்றார்கள். கட்டிய வீட்டுக்குக் கதவு வைத்த மாதிரி அது. கதவை மட்டும் வாங்கி வைத்துவிட்டால் வீடாகிவிடாது.

3. பிடிக்கிறவன்தான் கப்பு வாங்கிக் கொடுப்பான்

பாடிப் போகிறவனுக்குத்தான் கைதட்டல். நம்ம ஊரில் மண் தரையில் சடுகுடு ஆடிய காலத்திலும் அப்படித்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் நான்கு பேரை அடித்துவிட்டு வருகிறவன் பெயரைத்தான் ஊர் சொல்லும். கணுக்காலைப் பிடித்துத் தொங்கியவன் பெயர் அவன் வீட்டுக்கே தெரியாது.

ஆனால் இறுதி ஆட்டங்களைப் பாருங்கள். போன சீசனில் பாட்னாவின் தேவாங்க் தலால் 301 ரெய்டு புள்ளி எடுத்து எல்லோரையும் மிரட்டினான். இறுதி ஆட்டத்தில் ஹரியானா பாட்னாவை 23 புள்ளிக்குள் கட்டிப்போட்டது, 32-23. அதற்கு முந்தைய வருஷம் புனே ஹரியானாவை வென்றது 28-25. இரண்டுமே குறைந்த புள்ளி ஆட்டம், தடுப்பாட்டத்தின் வெற்றி. 2021-22 சீசனில் பவன் பெங்களூருக்காக 304 ரெய்டு புள்ளி எடுத்தார், அணி அரையிறுதியோடு வீட்டுக்குப் போனது.

விதிவிலக்கு உண்டு. 2017-ல் பர்தீப் நர்வால் ஒரே சீசனில் 369 புள்ளி எடுத்து பாட்னாவுக்குக் கப்பை வாங்கித் தந்தார். ஒரே சீசனில் அத்தனை புள்ளி திரும்ப யாரும் எடுக்கவில்லை. அந்த பர்தீப்பையே இந்த வருஷ ஏலத்தில் எடுக்க ஆள் இல்லை, அவரும் ஓய்வு அறிவித்துவிட்டார். புகழ் எவ்வளவு நாள் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

ஏன் இப்படி? ரெய்டர் தனி ஆள். 30 விநாடி அவன் கையில். தடுப்பாட்டம் ஏழு பேர் ஒரே மூச்சாக நகர்வது. கார்னர் காலைப் பிடித்த அதே நொடியில் கவர் வந்து விழ வேண்டும். அரை நொடி தாமதித்தால் எதிராளி இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவான். அந்தப் பழக்கம் ஏலத்தில் கிடைக்காது. இரண்டு மூன்று வருஷம் ஒன்றாக ஆடினால்தான் வரும். எனவே என் முதல் அளவுகோல்: எந்த அணியின் தடுப்பு வரிசை போன வருஷத்திலிருந்து கலையாமல் நிற்கிறது?

4. நம்ம தலைவாஸ்

நல்லதை முதலில். பவன் செராவத் இந்தத் தடவை 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வந்திருக்கிறார், சீசன் தொடக்கத்தில் கேப்டனும் அவர்தான். அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம். 2022-ல் ஜெய்ப்பூர் கப்பு வாங்கியபோது 296 ரெய்டு புள்ளி எடுத்தவர். அப்போது ஜெய்ப்பூருக்குக் கோச் சஞ்சீவ் பலியான். அவரே 2025 சீசனில் தலைவாஸ் கோச். கோச்சுக்கும் முக்கிய ரெய்டருக்கும் பழைய புரிதல் இருக்கிறது. நரேந்தரும் அணியில் இருக்கிறார். தடுப்பில் நிதேஷ் குமார் இருக்கிறார், போன சீசனில் 77 டேக்கிள் புள்ளி எடுத்தவர். விலையையும் பார்த்தால் இந்தத் தடவை சிக்கனமாக, யோசித்துச் செலவு செய்திருக்கிறார்கள்.

கவலை இரண்டு. ஒன்று, பவனும் அர்ஜுனும் தங்கள் அணிகளில் நம்பர் ஒன்னாக இருந்து பழகியவர்கள். இப்போது ஒருவர் இன்னொருவருக்கு வழிவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு மூத்த மாப்பிள்ளை வந்தால் முதல் பந்தியில் யாருக்கு இலை போடுவது? முதல் நான்கு ஆட்டத்திலேயே இது தெரிந்துவிடும். டூ ஆர் டை ரெய்டுக்கு யார் போகிறார்கள் என்று பாருங்கள். இருவரும் மாறி மாறிப் போனால் அணி சரியான பாதையில் இருக்கிறது. ஒருவர் முகம் சுண்டினால் சிக்கல்தான்.

இரண்டு, பவனின் முழங்காலும் வயதும். 18 ஆட்டமும் அவர் முழுசாக ஆடுவார் என்று வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

தலைவாஸ் 2017-ல் வந்தது. ஏழு சீசனில் ஒரே ஒரு தடவைதான் அடுத்த சுற்று. அந்த வரலாற்றுக்காகக் கொஞ்சம் கழிக்கிறேன், இந்த வருஷ ஆட்களுக்காகக் கொஞ்சம் கூட்டுகிறேன். சும்மாவே இருக்கிற 67, இப்படி 60-ல் வந்து நிற்கிறது. ஐந்திலிருந்து எட்டுக்குள் ஒரு இடம். செப்டம்பர் 29-ல் சென்னை சுற்று தொடங்கும்போது கையில் ஐந்து வெற்றி இருந்தால் தாண்டிவிடுவார்கள்.

5. மற்றவர்கள்

புனே: என் முதல் இடம். அஸ்லம் இனாம்தார், பங்கஜ் மோஹிதே, கவுரவ் கத்ரி, நம்ம தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜன் என்று கப்பு வாங்கிய கூட்டம் கலையாமல் நிற்கிறது. கோச் அஜய் தாகூர், தலைவாஸின் பழைய கேப்டன்.

டெல்லி: அஷு மாலிக்கை 1 கோடியே 90 லட்சம் கொடுத்துத் தக்கவைத்திருக்கிறார்கள். தடுப்பில் ஃபசல் அத்ராச்சலியும் சுர்ஜீத் சிங்கும். வயதான மாடுதான், ஆனால் பழகிய வண்டிப்பாதை. கோச் ஜோகிந்தர் நர்வால் இவர்களுக்கே கேப்டனாகக் கப்பு வாங்கிக் கொடுத்தவர். இறுதி ஆட்டம் புனேவுக்கும் டெல்லிக்கும் என்று என் ஓட்டு.

ஹரியானா: 2024 சாம்பியன். கோச் மன்பிரீத் சிங் எந்த அணிக்குப் போனாலும் இறுதி ஆட்டம் வரை இழுத்து வருகிறவர். ஷாட்லூயி இல்லாதது ஓட்டைதான், இருந்தாலும் நான்குக்குள் வரும்.

உ.பி., மும்பை, பாட்னா, பெங்களூர், ஜெய்ப்பூர், தெலுங்கு டைட்டன்ஸ்: இந்த ஆறு பேரும் தலைவாஸும் மீதி ஐந்து இடத்துக்கு மல்லுக்கட்டுவார்கள். இதில் பெங்களூரைக் கவனியுங்கள். போன வருஷம் கடைசி இடம், ஆனால் புனேவுக்குக் கப்பு வாங்கிக் கொடுத்த கோச் பி.சி. ரமேஷ் 2025 சீசனில் அங்கே.

குஜராத், பெங்கால்: ஷாட்லூயிக்கு 2 கோடியே 23 லட்சம், தேவாங்குக்கு 2 கோடியே 20 லட்சத்து 50 ஆயிரம். ஏலத்தின் முதல் இரண்டு விலை. மேலே சொன்ன அளவுகோல்படி இந்த இரண்டும் எட்டுக்குள் வராது என்கிறேன். பார்ப்போம்.

6. நம்ம பையன்கள் எங்கே?

தங்கச்சி மகன் ஒருவன் கேட்டான்: "மாமா, தமிழ் தலைவாஸ்னு பேரு, ஆடுறவங்க பேரெல்லாம் ஏன் தமிழ்ல இல்ல?" சரியான கேள்வி. பக்கத்து மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கி, அர்ஜுனா விருதும் வாங்கியவர். சேரலாதன் 2016-ல் பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று கப்பு வாங்கியவர். கவிதா செல்வராஜுக்கு 2023-க்கான தயான்சந்த் விருது கிடைத்தது. நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை.

வித்தியாசம் என்னவென்றால், ஹரியானாவில் பன்னிரண்டு வயதில் ஒரு பையன் மேட்டில் இறங்குகிறான். நம்ம பையன் பதினெட்டு வயது வரை மண்ணில் ஆடுகிறான். மண்ணில் கால் சறுக்கும், அதற்கேற்ப உடம்பு பழகும். மேட்டில் ஷூ போட்டு நிற்கும்போது கால் அப்படியே பிடிக்கும், முழங்கால் திரும்பாது. ஆட்டமே வேறு. மாவட்டத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் நிரந்தரமாக மேட் விரித்து, சம்பளத்துக்கு ஒரு கோச் போட்டாலே பத்து வருஷத்தில் தலைவாஸ் பட்டியலில் நம்ம பெயர்கள் வரும். திருவிழாவுக்குத் திருவிழா கபடிப் போட்டிக்குக் கோப்பையும் ரொக்கமும் கொடுக்கிற பெரிய மனிதர்கள், ஒரு வருஷம் அந்தப் பணத்தைச் சேர்த்து ஊர்ப் பள்ளிக்கு ஒரு மேட் வாங்கிக் கொடுங்கள். முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி இருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். மருந்து அறைக்குள் உட்கார்ந்து வெடிக்கு மருந்து செலுத்துவதைவிட, ஒரு சீருடை போட்டு அரசு வேலைக்குப் போக இதுவும் ஒரு வாசல்.

7. கணிப்பு சொல்லுங்கள், காசு கட்டாதீர்கள்

தாண்டக்கூடாது என்று சொன்ன பகுதி இதுதான்.

நம்ம ஊர் ஆட்களுக்குக் கணிப்பு புதிதில்லை. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. ஐப்பசி மழை முந்துமா, வடக்கே ஆர்டர் எவ்வளவு, டெல்லியில் தடை என்னாகும் என்று எல்லாவற்றையும் கணித்துத்தான் இங்கே ஒவ்வொரு வீட்டு அடுப்பும் எரிகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டபோது, எத்தனை வருஷ அனுபவக்காரர் கணக்கும் ஒரே நாளில் தப்பியது. அந்த வருஷத்தை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. உழைத்துப் பிழைக்கிற தொழிலிலேயே இவ்வளவு நிச்சயமின்மை இருக்கும்போது, சனிக்கிழமைச் சம்பளத்தைக் கொண்டுபோய் யாரோ ஒருவனின் முழங்காலை நம்பிக் கட்டலாமா?

என்னிடம் படித்த ஒரு பையன், போன சீசனில் செல்போன் ஆப்பில் கபடி டீம் போட்டுப் போட்டு மனைவியின் மகளிர் குழுக் கடன் பணம் வரை விட்டுவிட்டான். பெயர் வேண்டாம். கணக்கில் நல்ல பையன். "சார், இது அதிர்ஷ்டம் இல்ல, திறமை" என்றான். சரி, திறமைதான் என்றே வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள், மொத்தம் 500. நடத்துகிறவன் 100-ஐ எடுத்துக்கொண்டு 400-ஐப் பரிசாகத் தருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரும் மகா திறமைசாலிகளாக இருந்தாலும் சராசரியாக ஆளுக்குப் பத்து ரூபாய் நட்டம். 108 ஆட்டத்துக்கும் கட்டினால் 1,080 ரூபாய். ஒருவன் ஜெயித்தால் மற்றவர்கள் சேர்ந்து அதைவிட அதிகமாகத் தோற்றாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்காத ஒரே ஆள் நடத்துகிறவன். இதற்கு அல்ஜீப்ராகூட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கழித்தல் போதும்.

நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடி ஏமாந்தவனுக்குத் தண்டனை இல்லை. அதனால் மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்கள், இல்லையென்றால் எனக்கு ஃபோன் செய்யுங்கள். திட்ட மாட்டேன். சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். ஆப் மூடினால் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் வருவான், டெலிகிராமில் ஒருவன் வருவான். சட்டம் வாசலைத்தான் பூட்டும். ஜன்னலை நாம்தான் பூட்டிக்கொள்ள வேண்டும்.

மருமக்களே, பெண் பிள்ளைகளே, வீட்டில் ஆட்டம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். போனஸ் கோடு எது, சூப்பர் டேக்கிள் எது என்று கேளுங்கள். குடும்பத்தோடு பார்க்கிறவன் கைக்கு செல்போன் குறைவாகத்தான் போகும்.

இனி உங்கள் முறை. சாம்பியன் யார், எட்டுக்குள் எந்தெந்த அணி, தலைவாஸ் எத்தனை வெற்றி. மூன்றையும் கீழே எழுதுங்கள், காரணம் ஒரு வரியாவது இருக்க வேண்டும். வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுதினால் செல்லாது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. யார் கணிப்பு மிகக் கிட்ட வருகிறதோ அவருக்கு ஒரு கிலோ சாத்தூர் காராச்சேவு என் செலவில். துபாய்க்காரன் ஜெயித்தால் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், கூரியர் செலவு எனக்குக் கட்டாது.

என் விடைத்தாள்: சாம்பியன் புனே. எட்டுக்குள் புனே, டெல்லி, ஹரியானா, உ.பி., பாட்னா, மும்பை, பெங்களூர், தலைவாஸ். தலைவாஸுக்கு 9 வெற்றி.

எல்லோரும் நலமாக இருங்கள். தீபாவளி வேலை நெருக்கடியில் இருக்கிற பிள்ளைகள், அறைக்குள் செல்போனில் ஸ்கோர் பார்க்க வேண்டாம். செல்போனை வெளியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து ஸ்கோர் பார்த்தாலும் அதே ஸ்கோர்தான் இருக்கும்.